மெக்கானிக் வந்தால் ஓடும் மெஷின்

அத்தியாயம் ஏழு

வெயிலுக்குப் பயந்து சலவைக்கூடத்துக்குள் ஒதுங்கினோம். உள்ளே வெயிலையே துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். இரண்டடி எடுத்து வைப்பதற்குள் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நீராவிக் குழாய்கள் சுவரெல்லாம் ஓடின. இஸ்திரி மேசைகளிலிருந்து ஆவி எழும்பிக் கூரையை முட்டி, போக வழியில்லாமல் எங்கள் மேலேயே இறங்கியது. கூரையில் ஃபேன் மாட்ட ஒரு கொக்கி இருந்தது. கொக்கி மட்டும் இருந்தது.

"இதுல யாரும் வெந்து போகலையாக்கா?" என்று கேட்டேன்.

"வெந்தவங்கதான் வேலை செய்யறாங்க," என்றாள் ஊசி.

ஊசி என்பது ஊர் வைத்த பெயர். உடம்பும் அப்படி, பேச்சும் அப்படி. துப்பறிவது அவள் தொழில். நான் அவளுக்கு உதவியாள். இதற்கு முன்னால் கிடங்கில் மூட்டை தூக்கினேன். அந்த வேலை போன பிறகும் மூட்டை என்ற பெயர் போகவில்லை. நாங்கள் சேர்ந்து நடந்து போனால் கோணி தைக்கக் கிளம்பிவிட்டார்கள் என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். அவர்கள் வீட்டில் ஏதாவது காணாமல் போனால் எங்களிடம்தான் வருவார்கள்.

கூடத்தின் நடுவில் அந்த மெஷின் நின்றது. ஆள் உயரம், வட்டக் கண்ணாடிக் கதவு. கதவுக்குப் பின்னால் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் சாம்பல் நிறத் தண்ணீரில் முங்கிக் கிடந்தன. மேலே ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அதன் பக்கத்தில் முழங்கால் வரை நனைந்த ஒருவன், தண்ணீரில் ஊறிச் சுருங்கிய கைகளோடு நின்றுகொண்டிருந்தான். வாசல் ஓரமாக ஒரு ரெக்சின் பை. அதற்குப் பின்னால், சுவரை ஒட்டி, சின்னதாய் ஒரு நீலப் பை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளி இறங்கி வந்தார். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார். கடைசிப் படியில் நின்றார். தடித்த கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"பாவம்க்கா. மெஷின் நின்னதுக்கே இப்படிக் கண் கலங்கறாரு," என்றேன் மெதுவாக.

ஊசி கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கம்மா," என்றார் எங்களைக் கூப்பிட்டு அனுப்பியிருந்த முதலாளி. "ரொம்பச் சின்னக் கேஸ். யாரு செஞ்சதுன்னு எனக்கே தெரியும். நீங்க சாட்சி மட்டும் புடிச்சுக் குடுத்தா போதும்."

"யாரு?"

"என் மாப்பிள்ளை." நனைந்தவனை மோவாயால் காட்டினார். "இதைத் தொடுறவன் இவன் ஒருத்தன்தான். ஒரு மாசமா பாதியில பாதியில நிக்குது. கம்பெனி மெக்கானிக் வந்தா ஓடுது. அவரு தெரு முனையைத் தாண்டினா நின்னுடுது. ஆளைப் பாத்து நடிக்கிறதுக்கு மெஷினுக்கு மூளை இருக்கா? இல்ல. அப்ப யாருக்கு இருக்கு?"

"மாப்பிள்ளைக்கு மூளை இருக்குன்னு மாமனாரே ஒத்துக்கிறாரு," என்றேன். "இது எல்லாருக்கும் கிடைக்காது."

முதலாளி என்னைப் பார்த்தார். ஒரு பொருளை எங்கே வைப்பது என்று யோசிப்பவர் போலப் பார்த்தார். பிறகு ஊசியிடம் திரும்பினார். "எதிர்த் தெரு லாண்டரிக்காரன்கூட இவன் ஒதுங்கி நின்னு பேசினதை என் கண்ணால பாத்தேன். அங்க போறதுக்கு இங்க வழி பண்றான். சாயங்காலம் ஆஸ்பத்திரி வண்டி வரும். விரிப்பு இல்லாம அது திரும்பிச்சுன்னா அந்தக் காண்ட்ராக்ட் போச்சு. அதோ, இவன் பையைக் கட்டி வாசல்ல வெச்சாச்சு. வண்டி வெறுமனே போனா இவனும் பின்னாடியே போகட்டும். போறதுக்கு முன்னாடி போலீஸ்ல ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துடுவேன்."

ஓரத்து மேசையில் ஒரு பெண் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். முதலாளியின் மகள், அதாவது மாப்பிள்ளையின் மனைவி. அவள் நிமிரவில்லை. ஆனால் போர்வையை உதறும் சத்தம் மட்டும் அறைவது போலக் கேட்டது.

முதலாளி மேலே போனதும் ஊசி மாப்பிள்ளையிடம் வந்தாள்.

"நின்னப்போ என்ன ஆச்சு?"

"மோட்டார் போயிடுச்சுன்னு மாமா சொல்றாருங்க. நான் ஒயரைப் புடுங்கிட்டேன்னும் சொல்றாரு. போன வாரம்..."

"மாமா சொன்னது மாமாகிட்டயே இருக்கட்டும். மெஷின் என்ன பண்ணுச்சு? அதை மட்டும் சொல்லுங்க."

அவன் மெஷினைத் திரும்பிப் பார்த்தான். இதுவரை அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்பது தெரிந்தது.

"தண்ணி புடிச்சுது. சுத்துச்சு. தண்ணி சூடாகற கட்டம் வந்ததும் மேடு ஏறுற மாதிரி மெதுவாச்சு. அப்புறம் நின்னுடுச்சு. சிவப்பு லைட்டு வந்துச்சு. கதவு பூட்டிக்கிச்சு."

"எப்பவும் இதே மாதிரியா?"

"எப்பவும் சூடாகறப்பத்தான்."

"எதிர்த் தெருக்காரர்கிட்ட என்ன பேசினீங்க?"

"அவர்கிட்டயும் இதே மெஷின் இருக்குங்க. கஸ்டமர் கேர்ல எப்படிப் பேசினா உதவி கிடைக்கும்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"நல்லா சத்தம் போட்டுத் திட்டணும்னாரு."

இஸ்திரி மேசையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. கஞ்சியம்மா. துணிக்குக் கஞ்சி போடுவதில் இந்த வட்டாரத்திலேயே அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று பிறகு அவளே சொன்னாள். மூக்கு நுனியில் கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே உலகத்தைப் பார்க்கும் கண்கள்.

"அம்மா, மெக்கானிக் வர்ற அன்னிக்கு இங்க என்னெல்லாம் மாறும்?" என்று ஊசி அவளைக் கேட்டாள்.

"மாறாம? எல்லாரும் வேலையைப் போட்டுட்டு மெஷினைச் சுத்தி நிப்போம். ஒருத்தர் வந்து ஒரு திருகைக் கழட்டினா அதைப் பாக்காம இருக்க முடியுமா?"

ஊசியின் புருவம் ஏறியது. "இஸ்திரிப் பெட்டியெல்லாம் நின்னுடும்?"

"நின்னுடும்."

"அக்கா, புடிச்சிட்டோம்," என்றேன். "பெட்டியெல்லாம் கரண்டை இழுக்குது. மெக்கானிக் வந்தா எல்லாம் நிக்குது, மெஷின் ஓடுது. கிளம்பலாமா?"

"எந்தப் பெட்டி தம்பி கரண்டை இழுக்குது?" கஞ்சியம்மா தன் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். அதன் வாலில் ரப்பர் குழாய் இருந்தது. "எல்லாம் ஆவிப் பெட்டி. பின்கட்டு பாய்லர்லேர்ந்து வருது. விறகுல எரியுது."

என் முதல் துப்பு அங்கேயே ஆவியாகிப் போனது.

"முதலாளி?" ஊசி விடவில்லை.

"அவரும் இறங்கி வந்துடுவாரு. மெக்கானிக் தோளை ஒட்டியே நிப்பாரு. கண்ணை எடுத்தா நல்ல சாமானைக் கழட்டிட்டுப் பழசை மாட்டிடுவானாம். ஆளை வாசல் வரைக்கும் கொண்டு விட்டுட்டுத்தான் மேல ஏறுவாரு."

"மேல யாரு போவீங்க?"

"யாரும் போகக்கூடாது. ஃபைல் கலைஞ்சிடுமாம். டீயைக்கூடப் படியிலதான் வெக்கணும். போன மாசம் ஒரு பெரிய பீரோவை மேல தூக்கிட்டுப் போனாங்க. அதுலேர்ந்து ரொம்பக் கண்டிப்பு. அந்த ஜன்னலுக்குக் கீழ நான் விரிப்புக் காயப்போட்டா, மழையே இல்லாம சொட்டுச் சொட்டுன்னு நனையுது. காக்கான்னு நெனச்சு ஒரு மாசமா காக்காயைத் திட்டிக்கிட்டு இருக்கேன்."

அப்போது மேலேயிருந்து முதலாளியின் குரல் இறங்கியது. கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டார். இங்கே அது எப்படி நடக்கும் என்பதை அன்று நேரில் பார்த்தேன். மெஷின் கீழே. போன் மேலே. பேசுகிறவர் மெஷினைப் பார்க்கவில்லை. மெஷினைப் பார்க்கிறவன் பேசவில்லை. நடுவில் மாடிப்படி. படிக்குக் கீழே கஞ்சியம்மா.

"கதவைத் திறந்து மூடச் சொல்றா!" என்றது மேலே.

"ஆச்சு!" என்றாள் கஞ்சியம்மா. கை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தது. கதவோ தண்ணீரோடு பூட்டிக் கிடந்தது.

"மெயினை அணைச்சிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் போடணுமாம்!"

"ஆச்சு!"

"மெயின் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"யாரு கண்டா."

"பின்ன ஏன் ஆச்சுன்னீங்க?"

"ஆகலைன்னா அவரு கீழ வந்து கத்துவாரு தம்பி. ஆச்சுன்னா அங்கேயே கத்துவாரு. தூரம் அதிகம்."

நானும் மூட்டை தூக்கிய காலத்தில் 'எண்ணியாச்சா' என்று கேட்டால் 'ஆச்சு' என்றுதான் சொல்வேன்.

மேலே போன் உரையாடல் மோசமாகிக்கொண்டே போனது. "இரு, நானே கீழ போய்ப் பாக்கறேன்!" என்று ஒரு முழக்கம். முதலாளி இறங்கி வந்தார். கடைசிப் படி. கண்ணாடி. கைக்குட்டை. இரண்டு தடவை துடைத்தார். நேராக வந்து மெஷின் பொத்தானை அழுத்தினார்.

மெஷின் ஓடியது.

"பாத்தீங்களா?" என்றார். "நான் வந்தா ஓடுது. என்கிட்ட பயம் இருக்கு. இவன்கிட்ட இல்ல." மெஷின் சூடாகி, நுரை தள்ளி, ஒழுங்காகச் சுற்றும் வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். பிறகு மேலே போனார்.

கொஞ்ச நேரத்தில் மெஷின் மேடு ஏறத் தொடங்கியது. முனகியது. நின்றது. சிவப்பு விளக்கு.

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவன் தூரத்தில், தரையில் தேங்கியதை அள்ளிய வாளியோடு நின்றுகொண்டிருந்தான்.

"கை ரெண்டும் வாளியில இருக்கு," என்றாள் ஊசி. "நான் கண்ணை எடுக்கவே இல்ல."

"காலால ஏதாவது..."

"மூட்டை."

"சரிக்கா."

ஊசி தன் கைப்பேசியை எடுத்தாள். "இந்த மெஷினைப் பத்தி நமக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவங்க ஒருத்தர் ஒரு மாசமா போன்ல இருக்காங்க. அவங்களை இதுவரைக்கும் யாரும் விசாரிக்கல."

கம்பெனி எண்ணைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். ஒரு பெண் குரல் வரவேற்றது. புது மெஷின் வாங்க ஒன்றை அழுத்தச் சொன்னது. இன்னும் பெரிய மெஷின் வாங்க இரண்டு. பழுது என்றால் காத்திருக்கச் சொன்னது. அதற்கு எண்ணே தரவில்லை.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது," என்றது குரல்.

"முக்கியமானவங்களை எல்லா எடத்துலயும் வெளியதான் நிக்க வெக்கிறாங்க," என்றேன்.

ஊசி ஒன்றை அழுத்தினாள். விற்பனைக்காரன் ஒரே மணியில் எடுத்தான். வாங்க வரவில்லை, இந்த விலாசத்து மெஷின் பழுது என்றதும் அவன் குரலில் இருந்த தேன் வற்றிப்போய், வேறு இணைப்புக்கு எங்களைத் தள்ளிவிட்டான். தள்ளிவிட்ட இடம் சரியான இடமாக இருந்தது.

"வணக்கம். காத்திருந்தமைக்கு நன்றி. உங்களுக்கு நான் எப்படி உதவ..." அதற்குள் சலவைக்கூடத்தின் விலாசம் போனை எடுத்த பெண்ணின் திரையில் வந்துவிட்டது போலிருக்கிறது. குரல் சோர்ந்தது. "சார்... இப்பத்தானே பேசினீங்க. மெக்கானிக்குக்குச் சொல்லியிருக்கேன். திட்டாதீங்க."

"சார் இல்லம்மா. இன்னிக்கு யாரும் திட்டப் போறதில்ல," என்றாள் ஊசி. "மெஷின் பக்கத்துல நிக்கிறவர்கிட்ட குடுக்கறேன். பாத்ததைச் சொல்லுவாரு."

மாப்பிள்ளை கையை வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான். சற்று முன் எங்களிடம் சொன்னதையே சொன்னான். தண்ணீர் பிடித்தது, சுற்றியது, சூடாகும்போது மெதுவானது, நின்றது. மறுமுனையில் அந்தப் பெண்ணின் குரலே வேறாக ஒலித்தது.

"இதை ஏன் சார் இத்தனை நாளா சொல்லல? ஒவ்வொரு தடவையும் 'மோட்டார் போச்சு, ஆள் அனுப்பு'ன்னுதானே சொன்னீங்க?"

"அது நான் இல்லீங்க. எங்க மாமா."

"எல்லாரும் அவங்களே முடிவு பண்ணி அந்த முடிவைத்தான் சார் சொல்றாங்க. மெஷின் என்ன பண்ணுச்சுன்னு யாருமே சொல்றதில்ல." ஒரு மூச்சு விட்டாள். "சூடாகறப்போ மெதுவாகி நின்னா கரண்ட் பத்தலைன்னு அர்த்தம். மெஷின் தன்னைக் காப்பாத்திக்கறதுக்காக நின்னுடுது. அதே லைன்ல வேற ஏதோ ஒண்ணு பெருசா இழுக்குது. புதுசா என்ன மாட்டியிருக்கீங்க?"

மாப்பிள்ளை சுற்றிலும் பார்த்தான். கொக்கியைப் பார்த்தான். "ஒண்ணும் இல்லீங்க. ஒரு ஃபேன்கூட இல்ல."

"இதே கேள்வியை மொத நாளே கேட்டேன். உங்க மாமாவும் ஒண்ணும் இல்லேன்னுதான் சொன்னாரு."

துப்பு மறுபடியும் சுவரில் முட்டிக்கொண்டது. நான் ஊசியைப் பார்த்தேன். அவள் போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"எப்பவும் நீங்களேதான் அவர் போனை எடுப்பீங்களாம்மா?"

"அவர் நம்பரைப் பாத்தா மத்தவங்க எல்லாம் பாத்ரூம் போயிடுவாங்க மேடம்."

"அவர் பேசறப்போ பின்னாடி என்ன சத்தம் கேக்கும்?"

"இந்தக் கேள்வி என் ஸ்கிரீன்ல இல்லையே மேடம்."

"ஸ்கிரீனைப் பாக்காதீங்க. காதுல கேட்டதைச் சொல்லுங்க."

"திட்டு கேக்கும். அதுக்குப் பின்னாடி ஒரு உறுமல். பூனை தூங்கற மாதிரி, உர்ர்ருன்னு ஒரே சீரா. அப்புறம் 'இரு, நானே கீழ போய்ப் பாக்கறேன்'பாரு. டக்குனு ஒரு சத்தம். உறுமல் நின்னுடும். கொஞ்ச நேரத்துல வந்து 'ஓடுது, வெச்சிடு'ன்னு சொல்லுவாரு. மெஷின் சத்தம்னு நெனச்சுக்கிட்டேன்."

மெஷின் இருப்பது கீழே. நாங்கள் எல்லோரும் மாடிப்படியைப் பார்த்தோம்.

"நீங்க இப்ப கொஞ்ச நேரம் காத்திருக்கணும்," என்றாள் ஊசி போனிடம். "உங்கள் பொறுமைக்கு நன்றி."

"நான் வேணா பாட்டுப் பாடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம் சார், நான் லைன்லயே இருக்கேன்," என்றது போன் அவசரமாக.

ஊசி கஞ்சியம்மாவிடம் போய்க் கையை நீட்டினாள். "உங்க கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்கம்மா. மேல ஒரு கையெழுத்து வாங்கணும்."

"உங்களுக்குப் பவர் சேருமா?"

"நான் போட்டுக்கப் போறதில்ல."

அவள் தனியாகப் படியேறினாள். நான் அடியெடுத்ததும் கையால் நிறுத்தினாள். வருத்தமில்லை, பாதி வாழ்க்கையைப் படியேறியே தீர்த்தவன் நான். மேலே கதவு தட்டும் சத்தம். உள்ளே ஏதோ சாத்தப்படும் சத்தம். பிறகு கதவு திறந்து மூடியது. பேச்சு இழுத்துக்கொண்டே போனது. என்ன கையெழுத்து, எதற்கு என்று எனக்கும் தெரியாது.

மாப்பிள்ளையின் மனைவி மடிப்பு மேசையிலிருந்து வந்தாள். வாசலுக்குப் போய், சுவரை ஒட்டியிருந்த நீலப் பையை எடுத்து ரெக்சின் பையின் பக்கத்தில் ஒட்டினாற்போல வைத்தாள்.

"அது யாரோடதும்மா?" என்றேன்.

"என்னோடது. அப்பா ஒரு பையைத்தான் வெச்சாரு. இது இருக்கிறது அவருக்குத் தெரியாது."

நான் நகர்ந்து அவளுக்கு வழி விட்டேன்.

ஊசி இறங்கி வந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. கையில் கண்ணாடி. கடைசிப் படியில் நின்றபடியே அதைக் கஞ்சியம்மாவிடம் நீட்டினாள். "போட்டுக்குங்க."

கஞ்சியம்மா போட்டாள். "ஐயையோ! ஒண்ணும் தெரியலையே! பாலை ஊத்தின மாதிரி இருக்கே!" கழற்றித் துடைத்தாள். மாட்டினாள். "மறுபடி மூடுதே!" மறுபடி கழற்றித் துடைத்தாள்.

கடைசிப் படி. கண்ணாடி. இரண்டு தடவை துடைப்பது. நாங்கள் எல்லோரும் இதைப் பார்த்திருந்தோம்.

"இந்த ஆவியில நாள் பூரா நிக்கிறீங்களே, உங்க கண்ணாடி எப்பவாவது இப்படி மூடியிருக்கா?" என்றாள் ஊசி.

"இல்லவே இல்ல. காலைல வந்ததும் அதுவும் என்னை மாதிரி சூடாயிடும். அப்புறம் எங்க மூடறது?"

"ஜில்லுனு இருக்கிற கண்ணாடிதான் ஆவியில மூடும். உங்க கண்ணாடியை மேல மேசையில வெச்சிட்டுக் கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருந்தேன். அவ்வளவுதான்."

"அப்ப அவரு அழல?" என்றேன்.

"வெளிய இவ்வளவு வெயில். உள்ள இவ்வளவு ஆவி. கழுத்துவரைக்கும் பொத்தான் போட்டுக்கிட்டு வர்ற ஆளுக்கு ஒரு பொட்டு வேர்வை இல்ல. அதைப் பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. என் வேர்வையே எனக்குப் பெரிதாக இருந்தது.

"அங்க என்ன கூட்டம்?" முதலாளி இறங்கி வந்தார். கடைசிப் படியில் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்தார். எல்லோரும் தன் கையையே பார்ப்பதைப் பார்த்து, துடைக்காமல் நிறுத்தினார்.

"ஐயா, மேல இருக்கிற பீரோவுல என்ன வெச்சிருக்கீங்க?" என்றாள் ஊசி.

"ஃபைல்."

"உறுமற ஃபைலா?"

"சார், அந்த உர்ர்ரு சத்தம் உங்க ரூம்லதானே சார்?" என்று மாப்பிள்ளையின் கையிலிருந்த போன் கேட்டது.

முதலாளி திடுக்கிட்டார். "யாரு அது?"

"உங்க கஸ்டமர் கேர்," என்றாள் ஊசி. "ஒரு மாசமா பதிலை வெச்சிக்கிட்டுக் காத்திருக்காங்க. நீங்க கேள்வியைத்தான் கேக்கல."

எல்லோரும் மேலே போனோம். படி முதல் தடவையாக அத்தனை பேரைத் தாங்கியது. அறைக்குள் கால் வைத்ததும் என் முதுகிலிருந்து சட்டை விலகிக்கொண்டது. பீரோவை ஊசி திறந்தாள். ஃபைல் இல்லை. உள்ளே சக்கரம் வைத்த ஏசி ஒன்று, அவசரத்தில் இறங்கியவர் அணைக்க மறந்ததால், இன்னும் உறுமிக்கொண்டு நின்றது. பீரோவின் முதுகை வெட்டி, தடித்த குழாயைப் பின் ஜன்னலுக்கு வெளியே விட்டிருந்தார்கள். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காக்கைகள் நிரபராதிகள்.

மெக்கானிக் வந்தால் மெஷினைச் சுற்றி நிற்பது போல எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். கஞ்சியம்மா முன்னால் போய், மோவாயைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஃபேனுக்கே கரண்ட் தாங்காதுன்னீங்களே."

"எனக்குச் சூடு ஆகாது. டாக்டர் சொல்லியிருக்காரு." முதலாளியின் குரல் சுவரைப் பார்த்துப் பேசியது. "இதுவும் மெஷினும் ஒரே லைன்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

"புதுசா என்ன மாட்டியிருக்கீங்கன்னு அந்தப் பொண்ணு கேட்டப்போ ஏன் இல்லேன்னீங்க?"

"மெஷினைப் பத்திக் கேக்கறான்னு நெனச்சேன். இது மெஷின் இல்லையே. இது... என் ரூம்."

ஊசி குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். உறுமல் நின்றது. மாப்பிள்ளை கீழே இறங்கிப் போனான். பொத்தான் அழுத்தும் சத்தம் கேட்டது. மெஷின் சுற்றியது. நாங்கள் மேலேயே நின்று காது கொடுத்தோம். தண்ணீர் சூடாகும் கட்டம் வந்தது. மேடு ஏறவில்லை. அப்படியே தாண்டிப் போனது.

அதன் பிறகு பேச நேரமில்லை. அலசு, பிழி, உலர்த்து, இஸ்திரி, மடி. என்னையும் சும்மா விடவில்லை; ஈரத் துணி மூட்டையை முதுகில் ஏற்றிவிட்டார்கள். போன் இன்னும் லைனில்தான் இருந்தது.

"மெக்கானிக்கை அனுப்பவா சார்?" என்றது.

"வேண்டாங்க. ஓடுது," என்றான் மாப்பிள்ளை.

"வேண்டாம்னு சொன்ன மொத ஆள் நீங்கதான் சார். வெச்சிடாதீங்க, ஒரு கேள்வி வரும்."

உங்கள் பிரச்சினை தீர்ந்தது என்றால் ஒன்றை அழுத்தவும் என்றது பதிவுக் குரல். சுருங்கிய விரலால், அழுந்தியதா என்று பார்த்துப் பார்த்து அழுத்தினான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வண்டி வந்து பின்பக்கமாக வாசலில் ஒட்டியது. மடித்த விரிப்புகள் சூடு ஆறாமலே ஏறின. முதலாளி படிக்குக் கீழே தனியாக நின்றிருந்தார். மேலே போக அவருக்கும் மனமில்லை. அங்கே இப்போது கூடத்தின் சூடுதான். வண்டிக்கு வழி விடுவதற்காக வாசலில் இருந்த ரெக்சின் பையைத் தூக்கினார். தூக்கிய பிறகுதான் பக்கத்தில் இருந்த நீலப் பை கண்ணில் பட்டது. அது அவருக்குத் தெரிந்த பை.

"இது எதுக்கு இங்க?" என்றார்.

"அது போனா இதுவும் போகணும்ல," என்றாள் மகள். மடிப்பதை நிறுத்தவில்லை.

அவர் அந்தப் பையையும் எடுத்தார். மாப்பிள்ளை ஓடி வந்து வாங்கக் கை நீட்டினான்.

"இருக்கட்டும் மாப்பிள்ளை," என்றார் முதலாளி. "நீங்க வண்டியைப் பாருங்க."

அன்று முழுக்க அவன் இவன் என்று கேட்ட காதுக்கு அந்த 'நீங்க' புதிதாக இருந்தது. மாப்பிள்ளைக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். எந்த வண்டி என்று கேட்பவன் போல நின்றான்.

இரண்டு பைகளையும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, முதலாளி எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையால் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

நான் மாடியைப் பார்த்தேன். பிளக் பிடுங்கி வெகு நேரமாகிவிட்டது.

"அக்கா," என்றேன். "மேல இப்ப குளிரே இல்லையே."

"தெரியும்," என்றாள் ஊசி. "அது நம்ம கேஸ் இல்ல. நடடா."